பத்தாம் வகுப்பில் ஓடும் மகளுக்கு ‘பர்சனல் பிராண்ட்’ வேண்டுமா?

நியூ ஜெர்சி எடிசனில் இருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: “மகள் பத்தாவது படிக்கிறாள், 2028-இல் பள்ளி முடிப்பாள். 800 மீட்டரை 2 நிமிடம் 17 நொடியில் ஓடுகிறாள். படிப்பும் நன்றாக இருக்கிறது. கல்லூரியில் இடம் வேண்டுமென்றால் இப்போதே பர்சனல் பிராண்ட் உருவாக்க வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு கம்பெனி லோகோ, வெப்சைட், மாதம் எட்டு ரீல்ஸ் எல்லாவற்றுக்கும் சேர்த்து 3,000 டாலர் கேட்கிறது. கட்டலாமா? நாங்கள் எச்-1பி வேலை விசாவில் இருக்கிறோம், மகள் அதைச் சார்ந்த எச்-4 விசாவில்.”

முதலில் காசு விஷயம். கட்டாதீர்கள். அந்த மூவாயிரம் டாலரில் அவளுக்குப் பள்ளி முடியும்வரை ஸ்பைக்ஸ் ஷூ வாங்கலாம், நியூயார்க் ஆர்மரியில் நடக்கும் உள்ளரங்கப் போட்டிகளுக்குக் கூட்டிப்போகலாம், நாலைந்து கல்லூரிகளை நேரில் பார்த்துவிட்டு வரலாம். இங்கே ஒரு பள்ளித் தடகள அணியில் பன்னிரண்டு வருடமாகத் துணைக் கோச்சாக இருக்கிறேன். லோகோவைப் பார்த்து ஒரு பிள்ளையை அணியில் எடுத்த கல்லூரிக் கோச்சை இதுவரை சந்தித்ததில்லை.

அதற்காக உங்கள் கேள்வியே தவறு என்று சொல்லவில்லை. நம் வீடுகளில் இதற்கு ஒரு பழைய சொல் இருக்கிறது: பேர் எடுப்பது. உங்கள் மகள் பேர் எடுக்கத்தான் வேண்டும். யாரிடம் எடுக்க வேண்டும் என்பதில்தான் நிறையப் பேர் வழி தவறிப் போகிறார்கள். 800 மீட்டர் ஓடுகிற பெண்ணுக்கு லட்சம் ஃபாலோயர்கள் வந்தாலும் அவர்களில் ஒருவர்கூட அவளுக்குக் கல்லூரியில் இடம் கொடுக்கப் போவதில்லை. அவளுக்கு வேண்டியவர்கள் முப்பது கோச்சுகள். அந்த முப்பது பேரும் அவள் பெயரைத் தேடினால் மூன்று நிமிடத்துக்குள் அவள் யார், எவ்வளவு ஓடுகிறாள், எப்படிப் படிக்கிறாள், எப்படி நடந்துகொள்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வயதில் பிராண்ட் என்றால் இவ்வளவுதான்.

பிறகு ஏன் எல்லோரும் பிராண்ட் பிராண்ட் என்கிறார்கள்? அதற்கு 2021-க்குப் போக வேண்டும். அந்த ஜூன் 21-ஆம் தேதி, கல்லூரி வீரர்களுக்குக் கல்வி சார்ந்து கிடைக்கும் சலுகைகளுக்கு, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. வரம்பு போட முடியாது என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். பத்தே நாளில், ஜூலை 1 முதல், வீரர்கள் தங்கள் பெயர், படம், உருவத்தை வைத்துச் சம்பாதிக்கலாம் என்று என்.சி.ஏ.ஏ. வழிவிட்டது. இதைத்தான் என்.ஐ.எல். என்கிறார்கள். அடுத்த மாதமே குவின் யூவர்ஸ் என்ற டெக்சாஸ் பள்ளி அமெரிக்கக் கால்பந்து வீரர், பள்ளியில் இருந்தால் இப்படிச் சம்பாதிக்க முடியாது என்பதால் கடைசி வருடத்தையே விட்டுவிட்டு ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அந்தச் செய்தியோடு சேர்ந்து ஒரு பெரிய ஆசையும் வீடுகளுக்குள் வந்துவிட்டது. ஆசை வந்த இடத்துக்கு வியாபாரியும் வந்துவிட்டார்.

அந்தப் பணத்தில் பெரும்பங்கு அமெரிக்கக் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும் போகிறது. தடகளத்தில் மிகச் சிலருக்குத்தான். மேரிலாந்தின் குவின்சி வில்சன் பள்ளியில் படிக்கும்போதே நியூ பேலன்ஸ் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டார் என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். அவர் 2024-இல் பதினாறு வயதில் 400 மீட்டரை 44.20 நொடியில் ஓடியவர், அதே வருடம் பாரிஸ் ஒலிம்பிக்கில் தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய அணியில் இருந்தவர். கம்பெனி தேடி வந்தது அவருடைய ஓட்டத்துக்காக.

உங்கள் மகளின் தூரத்திலேயே, உங்கள் மாநிலத்திலேயே இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. ஆத்திங் மூ, ட்ரென்டன்காரப் பெண். அப்பா அம்மா சூடானிலிருந்து குடியேறியவர்கள். அவர் பள்ளி அணிக்காக ஓடவே இல்லை, ட்ரென்டன் டிராக் கிளப்புக்காக மட்டும் ஓடினார். 2019 பிப்ரவரியில் ஸ்டேட்டன் ஐலண்டில் நடந்த தேசிய உள்ளரங்கப் போட்டியில், பதினாறு வயதில், 600 மீட்டரை 1 நிமிடம் 23.57 நொடியில் ஓடி அமெரிக்க சாதனையை எடுத்தார். பிறகு டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் ஒரு வருடம். 2021 ஜூன் கடைசியில், என்.ஐ.எல். கதவு திறப்பதற்குச் சில நாள் முன்பு, நைக்கியோடு சேர்ந்து தொழில்முறைக்குப் போனார். அந்த ஆகஸ்டில் டோக்கியோவில் 800 மீட்டர் தங்கம், 1 நிமிடம் 55.21 நொடி. எல்லோரும் ஆத்திங் மூ ஆக முடியாது, அது எனக்கும் தெரியும். ஆனால் கோச்சுகள் எதைப் பார்த்து ஒரு பிள்ளையைக் கண்டுபிடிக்கிறார்கள் என்பது இந்தக் கதையில் தெளிவாகத் தெரிகிறது. போட்டி முடிவுகளை அவர்கள் வரி வரியாகப் படிக்கிறார்கள்.

அதனால் நான் சொல்லும் முதல் வேலை உங்களுக்குச் சின்னதாகத் தோன்றலாம்: அவள் பெயர். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இங்கே இது தனிச் சிக்கல். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயராக இருக்கும். சிலருக்கு ஒரே பெயர் இருந்து, விசாவில் முதற்பெயர் இடத்தில் ‘எஃப்.என்.யு.’, அதாவது முதற்பெயர் தெரியாது என்று வந்திருக்கும். பள்ளிப் பதிவில் ஒரு எழுத்துக்கூட்டல், கிளப் பதிவில் இன்னொன்று, போட்டிக்குப் பெயர் கொடுத்தவர் நீளமாக இருக்கிறதென்று பாதியில் வெட்டிய மூன்றாவது வடிவம். விளைவு, போட்டி நேரங்களைத் தொகுத்து வைக்கும் தளங்களான அத்லெட்டிக் டாட் நெட்டிலும் மைல்ஸ்பிளிட்டிலும் ஒரே பெண் மூன்று பேராகக் கிடப்பாள். நல்ல நேரம் ஒரு பக்கத்தில், முன்னேற்றம் இன்னொரு பக்கத்தில். எங்கள் அணியில் ஒரு பையனுக்கு இப்படி ஒன்பதாம் வகுப்பு நேரங்கள் எல்லாம் தனிப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தன. ஒரே வருடத்தில் பதினொரு நொடி குறைத்திருந்தான் என்பது யார் கண்ணிலும் படவில்லை. கோச்சுகள் விரும்பிப் பார்ப்பதே அந்த இறக்கத்தைத்தான்.

எனவே பள்ளிச் சான்றிதழில் உள்ள பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். போட்டிப் பதிவு, மின்னஞ்சல், இன்ஸ்டாகிராம், பின்னால் என்.சி.ஏ.ஏ. தகுதி மையக் கணக்கு என்று எல்லா இடத்திலும் அதே எழுத்துகள் இருக்கட்டும். இரட்டைப் பக்கங்களை ஒன்றாக்கச் சொல்லி அந்தத் தளங்களுக்கு எழுதலாம், செய்துகொடுப்பார்கள். அப்புறம், அவள் பெயரை அவளே சொல்லும் பத்து நொடிக் குரல் பதிவு ஒன்று. மைக்கில் அறிவிப்பவர் நம் பிள்ளைகளின் பெயரைப் பார்த்துத் தயங்கி, கடைசியில் ஓட்டப்பாதை எண்ணை மட்டும் சொல்லிவிட்டுப் போவதை எத்தனை முறை கேட்டிருப்போம். கோச்சுக்கும் அதே தயக்கம் இருக்கும். பெயரைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று போனை எடுக்கத் தயங்குகிறவருக்கு அந்தத் தயக்கத்தைப் போக்கிவிடுங்கள். அவள் பெயரைச் சுருக்கி அமெரிக்கப் பெயராக மாற்றச் சொல்லி அந்தக் கம்பெனி யோசனை சொன்னால் கேட்காதீர்கள். அந்தப் பெயர் அவளுடையது. பிறர் கற்றுக்கொள்வார்கள்.

இரண்டாவது, எந்த முப்பது கோச்சுகள்? இதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது. டி.எஃப்.ஆர்.ஆர்.எஸ். என்ற தளத்தில் கல்லூரித் தடகள முடிவுகள் எல்லாம் இருக்கின்றன. அவளுக்குப் பிடித்த கல்லூரி எந்த கான்ஃபரன்ஸில், அதாவது தங்களுக்குள் போட்டியிடும் எந்தக் கல்லூரிக் குழுவில் இருக்கிறதோ, அதன் சாம்பியன்ஷிப்பில் பெண்கள் 800 மீட்டர் முடிவைத் திறந்து எட்டாவது இடத்தின் நேரத்தைப் பாருங்கள். பொதுவாக முதல் எட்டு இடங்களுக்குத்தான் புள்ளி. அந்த நேரத்துக்குப் பக்கத்தில் ஓடுகிறவள், அல்லது ஒன்றிரண்டு வருடத்தில் அங்கே வந்துவிடுவாள் என்று தெரிகிறவள்தான் கோச்சுக்கு வேண்டும். 2:17 பத்தாம் வகுப்பில் மதிக்கத்தக்க நேரம். என்.சி.ஏ.ஏ. கல்லூரிகளை மூன்று டிவிஷன்களாகப் பிரித்திருக்கிறது, டிவிஷன் ஒன்தான் மேல்மட்டம். பெரிய டிவிஷன் ஒன் அணிகளுக்கு இன்னும் நன்றாகக் குறைய வேண்டும். நல்ல படிப்புள்ள டிவிஷன் த்ரீ கல்லூரிகளில் இப்போதே காது கொடுப்பார்கள். டிவிஷன் த்ரீயிலும் பிரின்ஸ்டன் போன்ற ஐவி லீக் பல்கலைக்கழகங்களிலும் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது. அங்கே கோச்சின் ஆதரவு சேர்க்கையில் உதவும், பண உதவி குடும்ப வருமானத்தைப் பார்த்து வரும், பல டிவிஷன் த்ரீ கல்லூரிகளில் படிப்பைப் பார்த்தும் வரும். இதை முன்னாடியே வீட்டில் பேசிவிடுங்கள்.

2025-இல் இன்னொரு மாற்றமும் வந்தது. கல்லூரி வீரர்களுக்குப் பணம் தருவது பற்றி என்.சி.ஏ.ஏ. மேல் போடப்பட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்தை அந்த ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதும், அதில் சேர்ந்த டிவிஷன் ஒன் பல்கலைக்கழகங்களில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு இருந்த வரம்பு போய், அணியின் அளவுக்கு வரம்பு வந்தது. பெண்கள் தடகளத்தில் 45 பேர், கிராஸ் கன்ட்ரியில் 17. முன்பெல்லாம் “வந்து சேர், ஸ்காலர்ஷிப் இல்லை, ஓடிப் பார்” என்று சொல்லிச் சேர்த்துக்கொள்வார்கள். அந்த இடங்கள் இப்போது சுருங்கிவிட்டன. ஒவ்வொரு இடத்தையும் கோச்சுகள் எண்ணிக் கொடுக்கிறார்கள், அதனால் பிள்ளையைப் பற்றி அதிகம் விசாரிக்கிறார்கள். பேர் எடுப்பது முன்பைவிட முக்கியமாகிவிட்டது என்று நான் சொல்வது இதனால்தான்.

மூன்றாவது, கடிதம். பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் முன் வரும் ஜூன் 15 உங்கள் நாள்காட்டியில் இருக்கட்டும். அவள் விளையாட்டில் டிவிஷன் ஒன் கோச்சுகள் அன்றிலிருந்துதான் அவளோடு நேரடியாக எழுதவும் பேசவும் முடியும். அதற்கு முன்பு அவள் எழுதலாம், பதில் வராது. வராவிட்டால் மனம் உடையக் கூடாது, அது விதி. டிவிஷன் த்ரீ கோச்சுகளுக்கு இந்தத் தடை இல்லை.

மின்னஞ்சலின் தலைப்பிலேயே விஷயம் இருக்க வேண்டும்: பள்ளி முடிக்கும் வருடம், 800 மீட்டர் நேரம், மதிப்பெண் சராசரி, மாநிலம். உள்ளே ஆறேழு வரி போதும். எந்தப் போட்டியில் எவ்வளவு ஓடினாள், போன வருடம் இதே மாதம் எவ்வளவு, அடுத்து எங்கே ஓடுகிறாள், அந்தக் கல்லூரியில் என்ன படிக்க ஆசை, ஏன் அந்தக் கோச்சுக்கு எழுதுகிறாள். அத்லெட்டிக் டாட் நெட் இணைப்பு. பள்ளிக் கோச்சின் பெயரும் மின்னஞ்சலும். கால்பந்துக்கும் டென்னிஸுக்கும் வீடியோ உயிர்நாடி. ஓட்டத்துக்கு நேரம் பேசிவிடும். கடைசிச் சுற்று தெளிவாகத் தெரிகிற ஒரு பந்தய வீடியோ இருந்தால் போதும், அதில் பாட்டு போட வேண்டாம்.

இதை அவளே எழுத வேண்டும். தமிழ்ப் பெற்றோரிடம் இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு ஓயவில்லை. எனக்குத் தெரிந்த ஓர் அப்பா, மகன் பெயரில் அருமையான ஆங்கிலத்தில் நாற்பது கடிதம் அனுப்பினார். ஒரு கோச்சு ஆர்வமாகிப் போன் செய்தார். “உன் கடிதத்தில் எங்கள் அணியின் தொடர் ஓட்டத்தைப் பற்றி எழுதியிருந்தாயே” என்று அவர் ஆரம்பித்ததும் பையனுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தப் பேச்சு நாலு நிமிடத்தில் முடிந்தது. பையன் மேல் தப்பே இல்லை, நல்ல ஓட்டக்காரன். அவனுடைய குரல் அந்தக் கடிதத்தில் இல்லை, அவ்வளவுதான். உங்கள் மகள் எழுதும் கடிதத்தில் இரண்டு தப்பு இருந்தால் இருக்கட்டும்.

இப்போது இன்ஸ்டாகிராம். பதினெட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களின் கணக்கை 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தளமே பூட்டித்தான் வைக்கிறது, பதினாறுக்குக் கீழே என்றால் அதைத் தளர்த்தப் பெற்றோர் அனுமதி வேண்டும். என் கருத்தில் அவளுடைய தோழிகளுக்கான கணக்கு பூட்டியே இருக்கட்டும். ஓட்டத்துக்கென்று தனியாக ஒன்று வேண்டுமானால், நீங்களும் சேர்ந்து பார்க்கிற மாதிரி ஒன்று திறக்கலாம். அதில் போட்டி முடிவு, தொடர் ஓட்டத் தோழிகளுக்கு ஒரு பாராட்டு, பனியில் பயிற்சி செய்த காலை, தோற்ற பந்தயம் ஒன்று என்று மாதம் இரண்டு மூன்று பதிவு போதும். தோற்ற பந்தயத்தை அவள் எப்படி எழுதுகிறாள் என்பதை நான் கோச்சாக இருந்தால் முதலில் படிப்பேன்.

எதைப் போடக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருங்கள். 2014 ஜூலையில் பென் ஸ்டேட் கால்பந்து அணியின் கோச்சுகளில் ஒருவரான ஹெர்ப் ஹேண்ட், சமூக வலைத்தளப் பதிவுகளைப் பார்த்து ஒரு பையனைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டதாக வெளிப்படையாகவே எழுதினார். அதற்கு இரண்டு வருடம் முன்பு இதே நியூ ஜெர்சியில், நாடு முழுக்கக் கல்லூரிகள் தேடிய ஒரு பள்ளி வீரர், தன் பதிவுகளால் பள்ளியிலிருந்தே நீக்கப்பட்டார். இதெல்லாம் பழைய செய்தி. கோச்சுகளின் பழக்கம் அப்படியேதான் இருக்கிறது.

பெண் பிள்ளை ஓடுகிறாள் என்றால் இன்னும் இரண்டு விஷயம். தினமும் ஓடும் பாதையின் வரைபடம், ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியில் எல்லோருக்கும் தெரியும்படி இருக்கவே கூடாது. வீட்டையும் பள்ளியையும் மறைக்கிற அமைப்பு அதில் இருக்கிறது, இன்றைக்கே போட்டுவிடுங்கள். கோச்சு என்று சொல்லிக்கொண்டு இரவில் தனிச் செய்தி அனுப்புகிற யாருக்கும் அவள் பதில் சொல்ல வேண்டாம். உண்மையான கோச்சு பல்கலைக்கழக மின்னஞ்சலிலிருந்து எழுதுவார், அப்பா அம்மாவும் படிப்பதை ஆட்சேபிக்க மாட்டார். அப்புறம், எடை, இடுப்பு, இன்று என்ன சாப்பிட்டேன் என்று படம் போடும் பழக்கத்துக்குள் அவளை விடாதீர்கள். நெடுந்தூரம் ஓடும் பெண்களைச் சாப்பாட்டுப் பயம் எப்படி உடைக்கிறது என்பதை நான் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். ரீல்ஸ் விற்கிற கம்பெனி முதலில் கேட்பது அந்தப் படங்களைத்தான்.

கடைசியாக, உங்களுக்கு மட்டும் பொருந்தும் விஷயம்: விசா. அந்தக் கம்பெனி இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியிருக்காது. நியூ ஜெர்சியில் 2022-லிருந்து பள்ளி வீரர்களும் என்.ஐ.எல். பணம் வாங்கலாம், பள்ளியின் பெயர், சீருடை, சின்னம் எதையும் பயன்படுத்தாத வரைக்கும். ஆனால் அது மாநில விளையாட்டு விதி. எச்-4-இல் இருக்கும் பிள்ளைக்கு வேலை அனுமதி கிடையாது. பணம் வாங்கிக்கொண்டு ஒரு பொருளை விளம்பரம் செய்தால் அனுமதியில்லாமல் வேலை செய்ததாக அதை எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. ‘அம்பாசடர்’ என்று சொல்லி டிஸ்கவுண்ட் கோடு கொடுத்து, விற்பனைக்கு இவ்வளவு என்று கமிஷன் தருகிறார்களே, அதுவும் இதில் வரலாம். இலவச ஷூகூட, பதிவு போட்டால்தான் தருவோம் என்றால், சந்தேகத்துக்குரியதுதான். நாளைக்கு கிரீன் கார்டு மனுவிலோ, இருபத்தொரு வயதில் எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாறும்போதோ இது எழும்பக் கூடாது.

எஃப்-1-க்கு மாறினாலும் இந்தக் கவலை தீராது. பர்டூ பல்கலைக்கழகத்தின் சாக் ஈடி, 2023-இலும் 2024-இலும் நாட்டின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து வீரர். கனடாக்காரர், மாணவர் விசா. கூட ஆடிய அமெரிக்கர்களைப் போல அவரால் விளம்பரங்களில் சம்பாதிக்க முடியவில்லை. கென்டக்கி பல்கலைக்கழகக் கூடைப்பந்து வீரர் ஆஸ்கர் சிப்வே காங்கோக்காரர். 2022-இல் அணி பஹாமாஸ் போனபோது, அமெரிக்க மண்ணுக்கு வெளியே அங்கே வைத்து விளம்பர வேலைகளை முடித்துக்கொண்டார். அவ்வளவு பெரிய வீரர்களுக்கே இந்த நிலை. விளையாட்டு ஸ்காலர்ஷிப் வேறு விஷயம், அதை வாங்க எச்-4 தடையில்லை. ஆகவே காசு வருகிற எதையும் ஒப்புக்கொள்ளும் முன் குடியேற்ற வழக்கறிஞர் ஒருவருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேளுங்கள். 3,000 டாலரில் செலவழிக்கத் தகுந்த பகுதி அது ஒன்றுதான்.

விசா நிலை மாறி, ஒரு நாள் ஒப்பந்தம் என்று யாராவது காகிதம் நீட்டினால், எத்தனை வருடம், எந்தெந்த வருமானத்தில் பங்கு என்ற இரண்டு வரியை முதலில் தேடுங்கள். ஃபுளோரிடா பல்கலைக்கழகக் கால்பந்து வீரர் ஜெர்வான் டெக்ஸ்டர் 2022-இல் 4,36,485 டாலர் வாங்கிக்கொண்டு, தொழில்முறை வருமானத்தில் 15 சதவீதத்தை 25 வருடத்துக்குத் தருவதாகக் கையெழுத்துப் போட்டார். அடுத்த வருடம் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யச் சொல்லி நீதிமன்றம் போக வேண்டியதாயிற்று. அவருக்கு அப்போது கல்லூரி வயது. உங்கள் மகளுக்குப் பதினைந்தோ பதினாறோ.

இந்த வாரக் கடைசியில் செய்ய ஒரு வேலை சொல்கிறேன். சனிக்கிழமைப் பயிற்சி முடிந்து வந்ததும் இரண்டு பேரும் உட்கார்ந்து அவள் பெயரை அத்லெட்டிக் டாட் நெட்டில் தேடுங்கள், எத்தனை பேராக இருக்கிறாள் என்று பாருங்கள். பிறகு முதல் கடிதத்தை அவள் எழுதட்டும், ஒரே ஒரு கோச்சுக்கு. அனுப்பும் முன் நீங்கள் படித்துப் பார்க்கலாம், ஆனால் பேனாவை எடுக்காதீர்கள்.